'இம்பாவரிஷ்' என்ற ஆங்கில வினையைத் தமிழில் எப்படி ஆள்வது?

கேள்வி:
வணக்கம். மருத்துவச் செலவு பற்றிய ஓர் ஆங்கில அறிக்கையைத் தமிழாக்கி வருகிறேன். அதில் 'இம்பாவரிஷ்' என்ற வினை அடிக்கடி வருகிறது. 'வறுமையடை' என்று எழுதினால் பல வாக்கியங்களில் பொருந்தவில்லை. 'தி ஃபேமிலி இம்பாவரிஷ்ட்' என்பது ஆங்கிலத்தில் சரியான வாக்கியமா? மண்ணைப் பற்றிய கட்டுரை ஒன்றிலும் இதே வினையைக் கண்டேன். அங்கே என்ன பொருள்?

மறுமொழி 1:
அந்த வாக்கியம் பிழையானது. இவ்வினைக்குச் செயப்படுபொருள் வேண்டும். ஆகவே குடும்பம் எழுவாயானால், 'தி ஃபேமிலி வாஸ் இம்பாவரிஷ்ட்' என்று செயப்பாட்டு வினையாகவே வரும். தமிழில் 'ஏழையாகு' தன்வினை, 'ஏழையாக்கு' பிறவினை. ஆங்கிலச் சொல் பின்னதற்கே இணை. 'அவர்கள் நொடித்துப்போனார்கள்' என்று எழுதும்போது, அவர்களை நொடிக்க வைத்த கடனோ மருத்துவமனைச் செலவோ வாக்கியத்திலிருந்தே மறைந்துவிடுகிறது. மூலநூலார் காரணத்தைச் சுட்டியிருக்க, மொழிபெயர்ப்பு அதை விட்டுவிடுவது அந்தக் குடும்பங்களுக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன். 'சிகிச்சைச் செலவு குடும்பங்களை வறுமையில் தள்ளுகிறது' என்று எழுதலாம்.

மறுமொழி 2:
மண்ணுக்கு வரும்போது 'ஏழையாக்கு' ஒட்டாது. போதிய உரமிடாமல் ஆண்டுதோறும் மரவள்ளியையே நட்டுவந்தால் மண்ணில் சாம்பல் சத்து குறைந்துகொண்டே போகும். அதைச் சொல்லவும் ஆங்கிலத்தார் இவ்வினையையே ஆள்வர். 'மண்ணின் வளத்தைக் குன்றச் செய்தது' என்பது பொருத்தம். மொழி, பண்பாடு பற்றி வந்தாலும் இதுவே பொருந்தும். பெயருக்கு முன் அடையாக, 'இம்பாவரிஷ்ட் வில்லேஜ்' என்பதுபோல் வந்தால், 'வறிய ஊர்' என்றாலே போதும்.

மறுமொழி 3:
உங்கள் அறிக்கையில் இது கலைச்சொல்லாகவும் வந்திருக்கக்கூடும். உலக சுகாதார அமைப்பும் உலக வங்கியும் வெளியிட்ட அறிக்கைகளில், மக்கள் சொந்தக் கையிலிருந்து செய்யும் மருத்துவச் செலவு இரண்டு வகையாக அளக்கப்பட்டுள்ளது. குடும்பச் செலவில் 10 அல்லது 25 விழுக்காட்டைத் தாண்டினால் அது பேரிடர்ச் செலவு. குடும்பத்தை வறுமைக்கோட்டுக்குக் கீழே இறக்கினால், அது வறுமையில் தள்ளும் செலவு. கோட்டுக்குச் சற்று மேலே வாழும் கூலித் தொழிலாளியின் குடும்பத்தை மாத்திரைச் செலவே கீழே இறக்கிவிடலாம். வசதியுள்ள குடும்பமோ 25 விழுக்காட்டைச் செலவழித்தும் கோட்டுக்கு மேலேயே நிற்கலாம். எனவே இரண்டையும் ஒரே சொல்லால் பெயர்க்காதீர்கள். ஏற்கெனவே கோட்டுக்குக் கீழே இருப்போரைக் குறிக்கும் இடங்களில், 'வறுமையில் தள்ளும்' என்பதற்கு மாறாக 'வறுமையை மேலும் கடுமையாக்கும்' என்றே எழுதவேண்டும்.