ஹூக்கருக்குப் பதில் ஃப்ளை-ஹாஃப்: 2023இல் தென்னாப்பிரிக்கா அணியைத் தேர்ந்தெடுத்த முறை சரிதானா?

வடகரையான் கேட்டது:

2023 ரக்பி உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்கா ஆடிய ஏழு ஆட்டங்களையும் கடந்த சில வாரங்களில் மறுபடியும் வரிசையாகப் பார்த்து முடித்தேன். அவர்கள் ஆடிய விதம் புரிகிறது. அணியைத் தேர்ந்தெடுத்த விதம்தான் இன்னும் பிடிபடவில்லை. 33 பேருக்கு மட்டுமே இடம் என்ற நிலையில், தலைமைப் பயிற்சியாளர் ஜாக் நீனாபரும் ரக்பி இயக்குநர் ராஸி எராஸ்மஸும் சேர்ந்து ஆகஸ்டில் வெளியிட்ட பட்டியலில் நான்கு ஸ்க்ரம்-ஹாஃப்கள் (இரு அணிகளின் முன்களத்தாரும் பிணைந்து தள்ளும் ஸ்க்ரம்மிலிருந்து பந்தை எடுத்துக் கொடுப்பவர்கள்) இருந்தார்கள். ஆனால் முழுநேர ஃப்ளை-ஹாஃப் (ஆட்டத்தை நடத்தி, பெரும்பாலும் கோலுக்கும் உதைக்கும் பத்தாம் எண் வீரர்) என்று சொல்லத்தக்கவர் மானி லிபொக் ஒருவர்தான். 2019 இறுதி ஆட்டத்தில் தனியொருவராக 22 புள்ளிகள் சேர்த்த ஹாண்ட்ரே பொலார்ட், கெண்டைக்கால் காயத்தின் காரணமாக விடப்பட்டிருந்தார்.

ஸ்காட்லாந்துடன் ஆடிய முதல் ஆட்டத்துக்குப் பிறகு, பயிற்சியின்போது ஹூக்கர் (ஸ்க்ரம்மின் முன்வரிசை நடுவில் நிற்பவர்) மால்கம் மார்க்ஸுக்கு முழங்காலில் அடிபட்டது. அந்த இடத்துக்கு இன்னொரு ஹூக்கரை அழைப்பார்கள் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள், அழைக்கப்பட்டவரோ பொலார்ட். கோப்பை கிடைத்துவிட்டதால் இதை இன்று மதிநுட்பம் என்கிறோம். ஒரு புள்ளி குறைந்திருந்தால் இதையே மடத்தனம் என்று சொல்லியிருக்க மாட்டோமா? விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

ஆட்டக்கணக்கர் எழுதியது:

பட்டியலைச் சிறந்த 33 பேரின் வரிசையாகப் பார்த்தால் இது விளங்காது. ஓர் ஆட்டத்துக்கு 23 பேர்: களத்தில் 15, மாற்று வரிசையில் 8. ஸ்க்ரம்மின் முன்வரிசையில் நிற்கும் இரண்டு ப்ராப்கள், ஒரு ஹூக்கர் ஆகிய மூன்று இடங்களுக்கும் அந்த எட்டுப் பேருக்குள் பயிற்சி பெற்ற மாற்றாள் இருந்தாக வேண்டும். ஆகவே முன்வரிசைக்கென்றே பெரும்பங்கு இடம் போய்விடுகிறது. மிஞ்சிய இடங்களில்தான் தேர்வாளர் கைவரிசை காட்ட முடியும். 2019இல் 31 பேர், 2023இல் 33 பேர். கூடுதலாகக் கிடைத்த இரண்டு இடங்களை ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாகச் செலவிட்டது.

நான்கு ஸ்க்ரம்-ஹாஃப்கள் என்பது பெயரளவில்தான் நான்கு. கிராண்ட் வில்லியம்ஸை ருமேனியாவுக்கு எதிராகக் களத்தின் ஓரத்தில், விங்கில் ஆட வைத்தார்கள். ஃபாஃப் டி கிளெர்க் தேவைப்பட்டால் பத்தாம் எண்ணில் நிற்பார், கோலுக்கும் உதைப்பார். டேமியன் வில்லெம்ஸ ஃபுல்-பேக், சென்டர், ஃப்ளை-ஹாஃப் என்று மூன்று இடங்களிலும் ஆடக்கூடியவர். ஆகவே லிபொக்குக்குத் துணையே இல்லை என்பது முழு உண்மையன்று; நெருக்கடியில் நம்பி உதைக்கச் சொல்ல ஆளில்லை என்பதே உண்மை. செப்டம்பர் 23 அன்று அயர்லாந்திடம் 13–8 என்று தோற்றபோது லிபொக்கும் டி கிளெர்க்கும் சேர்ந்து தவறவிட்ட உதைகளின் மதிப்பு மட்டும் 11 புள்ளிகள்.

விதி ஒன்றையும் கவனிக்க வேண்டும். காயத்துக்காக ஒருவரை நீக்கி மாற்றாளை அழைத்துவிட்டால், நீக்கப்பட்டவர் குணமானாலும் அந்தத் தொடரில் திரும்ப வர முடியாது. நமீபியாவுடனான ஆட்டத்தில் அணித்தலைவர் அந்த்வான் துபோனின் கன்னத்து எலும்பு முறிந்தபோது பிரான்ஸ் அவரை நீக்காமல் இடத்தைக் காலியாகவே வைத்துக்கொண்டு காத்திருந்தது. அவரும் அறுவைச் சிகிச்சை முடிந்து காலிறுதிக்குத் திரும்பினார். மார்க்ஸின் முழங்காலோ அந்தத் தொடருக்குள் தேறக்கூடியதாக இல்லை. அதனால் அவர் இடத்தைத் துணிந்து விட்டுக்கொடுக்க முடிந்தது.

முன்வரிசைக்காரன் எழுதியது:

மேலே உள்ள கணக்கு சரி. ஆனால் ஹூக்கரைப் பற்றி இவ்வளவு சுலபமாகப் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கண்டியில் பள்ளிக்காலத்தில் ப்ராப்பாக ஆடியவன் நான். ஸ்க்ரம் அமையும்போது ஹூக்கரின் இரண்டு கைகளும் இரு பக்கத்துப் ப்ராப்களின் தோள்களைச் சுற்றிப் பிணைந்திருக்கும். எதிரணியின் தலைகள் அவர் கழுத்தின் இருபுறமும் வந்து செருகும். தடுமாறினால் ஊன்றுவதற்கு ஒரு கைகூட அவருக்கு மிஞ்சாது. அந்த நிலையில் ஒற்றைக் காலைத் தூக்கிப் பந்தைப் பின்னால் தட்ட வேண்டும். ஒருமுறை எங்கள் ஹூக்கருக்குக் காயம்பட்டு, ஸ்க்ரம்மின் பக்கவாட்டில் நிற்கும் ஃப்ளாங்கர் ஒருவனை நடுவில் நிறுத்தினோம். இரண்டாவது ஸ்க்ரம்மிலேயே அவனுடைய எடை முழுவதும் என் வலது தோளில் தொங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

மார்க்ஸ் போன பிறகு முழுநேர ஹூக்கர் என்று எஞ்சியவர் போங்கி ம்பொனாம்பி ஒருவரே. அவருக்கு மாற்று டியான் ஃபூரி. அவர் இளமையில் ஹூக்கராக ஆடியவர்தான். ஆனால் தேசிய அணிக்குள் ஃப்ளாங்கராக வந்தவர், வயது 37. இறுதி ஆட்டம் தொடங்கி மூன்றாம் நிமிடத்துக்குள் ம்பொனாம்பிக்கு முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். எஞ்சிய ஆட்டம் முழுவதும் ஃபூரிதான். லைன்-அவுட்டில் (வெளியே போன பந்தைப் பக்கக் கோட்டிலிருந்து ஹூக்கர் உள்ளே எறிவது) அவர் எறிந்த பந்துகள் சில கைமாறிப் போனதை நாம் எல்லோரும் பார்த்தோம். அன்று மாற்று வரிசையில் முன்களத்தார் ஏழு பேரும் பின்களத்தவர் ஒருவரும் இருந்தார்கள்; அந்த ஏழு பேரில் மூன்றாவது ஹூக்கர் இல்லை. ஃபூரியும் விழுந்திருந்தால், இரு அணிகளும் தள்ளக் கூடாத ‘தள்ளாத ஸ்க்ரம்’தான் ஆடியிருப்பார்கள். தென்னாப்பிரிக்காவின் முதல் ஆயுதமே கையை விட்டுப் போயிருக்கும். மனிதர் எழுபத்தைந்து நிமிடங்களுக்கும் மேலாகத் தாக்குப்பிடித்தார் என்பது அவருடைய பெருமை. தேர்வாளரின் பெருமையாக அதை நான் எழுத மாட்டேன்.

நதிமூலம் எழுதியது:

இதை மற்ற அணிகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயன்படும். அதே 2023இல் ஆஸ்திரேலியாவுக்கு எடி ஜோன்ஸ் தேர்ந்தெடுத்த பட்டியலிலும் முழுநேர ஃப்ளை-ஹாஃப் கார்ட்டர் கோர்டன் ஒருவர்தான். அனுபவம் மிக்க குவேட் கூப்பரும் மைக்கேல் ஹூப்பரும் விடப்பட்டார்கள். ஃபிஜியிடம் 22–15, வேல்ஸிடம் 40–6 என்று தோற்று, உலகக் கோப்பை வரலாற்றில் முதல்முறையாக ஆஸ்திரேலியா குழுநிலையிலேயே வெளியேறியது. பட்டியலின் வடிவம் இரண்டு நாடுகளுக்கும் ஒன்றே. ஆனால் தென்னாப்பிரிக்காவின் லிபொக்கைச் சுற்றி 2019இல் கோப்பை வென்றவர்கள் பலர் நின்றார்கள். வெளியே பொலார்ட் தேறிக்கொண்டிருந்தார். கோர்டனைச் சுற்றி அவரைப் போன்ற இளைஞர்களே அதிகம்.

மறுபுறம், 2011இல் நியூசிலாந்து. ஃப்ளை-ஹாஃப் டான் கார்ட்டர் பயிற்சியில் உதைக்கும்போது தொடையிடுக்குத் தசை கிழிந்து விலகினார். காலிறுதியில் கொலின் ஸ்லேட் விழுந்தார். இறுதி ஆட்டத்தின் முதல் பாதியிலேயே ஆரன் க்ரூடனும் விழுந்தார். நான்காவதாக வந்தவர் ஸ்டீஃபன் டொனால்ட். அழைப்பு வந்த சமயத்தில் வைக்காட்டோ ஆற்றில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர். கொடுத்த சட்டை சிறியதாகி வயிற்றுக்கு மேல் ஏறிக்கொண்டே இருந்தது. அதை இழுத்து விட்டுக்கொண்டே வந்து அவர் உதைத்த பெனால்ட்டியால்தான் பிரான்ஸை 8–7 என்று வென்றார்கள். இப்படி ஒன்று நடக்கும் என்று எந்தத் தேர்வாளரும் தாளில் எழுதி வைக்க முடியாது. பட்டியலுக்கு வெளியே இருப்பவர் எந்தத் தரத்தில் இருக்கிறார் என்பதும் தேர்வின் ஒரு பகுதி என்றே நான் கருதுகிறேன்.

வடகரையான் எழுதியது:

மூவருக்கும் நன்றி. இன்னும் ஓர் ஐயம் இருக்கிறது. ஏப்ரலில் முழங்கால் தசைநார் கிழிந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட சியா கொலிசியை, அதன்பின் ஓர் ஆட்டம்கூட ஆடாத நிலையில் ஆகஸ்டுப் பட்டியலில் சேர்த்தார்களே? பொலார்டுக்கு மட்டும் ஏன் அந்தச் சலுகை இல்லை?

ஆட்டக்கணக்கர் எழுதியது:

கொலிசி அணித்தலைவர் என்பது ஒரு காரணம். இன்னொன்று அவர் ஆடும் இடம். அவர் திரும்ப விழுந்திருந்தாலும் க்வாகா ஸ்மித், மார்கோ வான் ஸ்டாடன், ஃபூரி என்று ஃப்ளாங்கர் வேலைக்குப் பலர் இருந்தார்கள். அரைகுறையாகத் தேறிய இரண்டாவது ஃப்ளை-ஹாஃபை வைத்துக்கொண்டால், அவரால் ஆட முடியாத வாரங்களிலும் ஓர் இடம் வீணாகும். பொலார்ட் வெளியே இருந்து உடல் தேறட்டும், இங்கே யாருக்காவது காயம் ஏற்பட்டால் அழைக்கலாம் என்று எண்ணியிருப்பார்கள் என்பது என் ஊகம். விங் வீரர் மபிம்பிக்கு டோங்கா ஆட்டத்தில் முகத்தில் எலும்பு முறிந்தபோதும் இதைத்தான் செய்தார்கள்: விங் ஆடியவருக்குப் பதிலாக, முன்பு காயத்தால் விடுபட்டிருந்த சென்டர் லுகான்யோ ஆமை அழைத்தார்கள். எந்த இடம் காலியாகிறது என்பதை விட, வெளியே இருப்பவர்களில் யார் சிறந்தவர் என்பதையே அவர்கள் பார்த்தார்கள்.

விளைவு தெரிந்ததே. அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக 31ஆம் நிமிடத்திலேயே லிபொக்கை வெளியே அழைத்துப் பொலார்டை இறக்கினார்கள். ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கையில் நெடுந்தொலைவிலிருந்து அவர் உதைத்த பெனால்ட்டி 16–15 என்ற வெற்றியைத் தந்தது. இறுதி ஆட்டத்தில் நியூசிலாந்தின் 11க்கு எதிராகக் கிடைத்த 12 புள்ளிகளும் அவருடைய நான்கு பெனால்ட்டிகளே.

முன்வரிசைக்காரன் எழுதியது:

பொலார்ட் வந்தது நல்லதுதான். அதை நான் மறுக்கவில்லை. என் வருத்தம், நான்கு ஸ்க்ரம்-ஹாஃப்களில் ஒருவரை விட்டு மூன்றாவது ஹூக்கரை ஆகஸ்டிலேயே சேர்த்திருக்கலாமே என்பதுதான். அந்த நால்வரில் இறுதி ஆட்டத்தின் 23 பேருக்குள் இடம் பெற்றவர் டி கிளெர்க் ஒருவரே. அவருக்கு மாற்றாக ஒரு ஸ்க்ரம்-ஹாஃப்கூட உட்கார்ந்திருக்கவில்லை; மாற்று வரிசையில் இருந்த ஒரே பின்களத்தவர் ஃபுல்-பேக் வில்லி லெ ரூ. டி கிளெர்க் 80 நிமிடமும் ஆடினார். மற்ற மூவரும் அரங்கில் உட்கார்ந்து பார்த்தார்கள்.