பிரசவ கேஸ் ஷீட்டைப் படித்துச் சொல்லக்கூடிய மருத்துவர் யாராவது இருக்கிறீர்களா?

எல்லாருக்கும் வணக்கம். என் தங்கைக்கு மதுரைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் பிரசவம். ராத்திரி முழுக்க வலியில் துடித்தாள்; விடிந்த பிறகுதான் அவசர அவசரமாக சிசேரியன். குழந்தை பிறந்ததும் அழவில்லை. இப்போது வலிப்புக்கு மருந்து கொடுக்கிறோம்.

எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சில் விதி. கேட்டோம், கொடுத்தார்கள். ஆனால் குழந்தையின் இதயத்துடிப்பு பதிவான சி.டி.ஜி. தாள் மட்டும் அதில் இல்லை. பிரசவம் எப்படி முன்னேறுகிறது என்று குறித்துவைக்கும் பார்ட்டோகிராஃப் தாளில் நள்ளிரவு வரை மணிக்கு மணி புள்ளி இருக்கிறது. அதற்கப்புறம் கட்டங்கள் காலி. அந்த நேரத்தில் டியூட்டி டாக்டர் எங்கே போனார் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில்.

1995 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, கட்டணம் வாங்கும் மருத்துவமனை மீது நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், கெடு 2 வருடம், இதெல்லாம் தெரியும். போலீஸ் கேஸ் போட விருப்பமில்லை. குழந்தையின் பிசியோதெரபி செலவுதான் எங்கள் கவலை.

கேஸ் ஷீட்டைப் பார்த்து எழுத்தில் கருத்து தரக்கூடிய மகப்பேறு மருத்துவர் யாராவது உண்டா? வெளிமாவட்டமாக இருந்தாலும் சரி. இப்படிப்பட்ட வழக்கு நடத்திய வக்கீலைத் தெரிந்தவர்களும் சொல்லுங்கள். "பேசி முடித்துக்கொள்ளலாம், ஒரு கையெழுத்து போடுங்கள்" என்கிறார்கள் மருத்துவமனையில். அப்படிப் போட்டவர்கள் யாராவது இருந்தால் உள்பெட்டிக்கு வாங்க, ப்ளீஸ்.