ஆன் செய்தால் நேராக பயாஸ் பக்கம் திறக்கிறது, அவசர உதவி

தென்றல்_21:
லேப்டாப்பை ஆன் செய்தால் விண்டோஸும் வரவில்லை, லினக்ஸும் வரவில்லை. நேராக பயாஸ் (கணினியின் அடிப்படை அமைப்புகள்) பக்கம் திறக்கிறது. வெளியே வந்தால் ரீஸ்டார்ட் ஆகி மறுபடி அதே பக்கம். நாளை கல்லூரியில் ப்ராஜெக்ட் காட்ட வேண்டும், கோப்புகள் எல்லாம் விண்டோஸில். யாராவது சொல்லுங்களேன்.

சால்டரிங்_கடை:
பயாஸ் அமைப்புகளையும் நேரத்தையும் காத்து வைக்கும் சிமாஸ் பேட்டரி போயிருக்கும். பயாஸில் தேதி, நேரம் பாருங்கள். பழைய தேதி காட்டினால் சந்தேகமே வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

ஜன்னலோரம்:
டிஸ்க் அங்கே தெரிகிறதா? பூட் வரிசையில், அதாவது எது முதலில் தொடங்க வேண்டும் என்ற பட்டியலில், என்னென்ன இருக்கிறது? எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு? கடைசியாக எதை மாற்றினீர்கள்?

கெர்னல்_பித்தன்:
மாதம் ஒருமுறை இப்படி ஒரு இழை வருகிறது. பதிப்பு சொல்லாமல், மாற்றியதைச் சொல்லாமல் "வரவில்லை" என்றால் யார் என்ன செய்ய முடியும்? ஆன் செய்ததும் எந்த இயங்குதளம் என்று மெனு காட்டும் க்ரப் நிரலின் கையேடு இலவசமாகவே கிடைக்கிறது. படித்துவிட்டு வாருங்கள்.

காவிரிக்கரை:
நாளைக்கு ப்ராஜெக்ட் என்கிறார், இப்போது கையேடு படிக்கச் சொன்னால் எப்படி அண்ணா? தென்றல், விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆனில் இருக்கிறதா? டூயல் பூட் (ஒரே கணினியில் இரண்டு இயங்குதளம்) தொல்லை பாதிக்கு அதுதான் காரணம்.

ஜன்னலோரம்:
ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் விண்டோஸ் முழுதாக மூடாது, லினக்ஸில் அந்த டிரைவில் எழுத முடியாமல் போகும். பயாஸுக்குள் தள்ளிவிடாது.

தென்றல்_21:
தேதி சரியாக இருக்கிறது, டிஸ்க் தெரிகிறது. வரிசையில் உபுண்டு (அதுதான் என் லினக்ஸ்) முதலில், அடுத்தது விண்டோஸ் பூட் மேனேஜர். நேற்று இரவு உபுண்டு 20.04ஐ 22.04ஆக அப்கிரேட் செய்தேன். விண்டோஸ் தானாக வரட்டும் என்று அண்ணன் முன்பு ஏதோ கோப்பில் 2 என்று போட்டுத் தந்தார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

ஜன்னலோரம்:
உண்டு, அதேதான். அந்த 2, தானாகத் தொடங்க வேண்டிய மெனு வரியின் எண். க்ரப் மெனுவை 0இலிருந்து எண்ணும். உபுண்டு 0, அதன் கூடுதல் தேர்வுகள் 1, விண்டோஸ் 2, பயாஸுக்குப் போகும் வரி 3. 22.04இல் வருவது க்ரப் 2.06. மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் அதில் இயல்பாகவே அணைந்திருக்கும். ஆகவே விண்டோஸ் வரி மெனுவிலிருந்து போய்விட்டது, பயாஸ் வரி 2ஆம் இடத்துக்கு ஏறிவிட்டது. வேறு இயங்குதளம் இல்லை என்று நினைத்து உபுண்டு மெனுவையும் மறைத்துவிடும், அதனால்தான் உங்கள் கண்ணில் எதுவும் படவில்லை.

முதலில் ப்ராஜெக்டைக் காப்பாற்றுங்கள்: பயாஸின் பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே ஏற்றிச் சேமித்தால் விண்டோஸ் வரும். மற்றதை நாளைக்குப் பார்க்கலாம்.

அப்புறம் உபுண்டுவை மேலே கொண்டுவந்து, ஆன் செய்ததும் எஸ்கேப் விசையை ஒருமுறை தட்டுங்கள், மெனு வரும். அதிகம் தட்டி க்ரப் என்று மட்டும் காட்டினால் நார்மல் என டைப் செய்யுங்கள். உபுண்டுவுக்குள் போய், இடிசி கோப்புறையில் டிஃபால்ட் என்பதற்குள் இருக்கும் க்ரப் கோப்பில் க்ரப்_டிஸேபிள்_ஓஎஸ்_ப்ரோபர்=ஃபால்ஸ் என்ற வரியைச் சேருங்கள். பிறகு டெர்மினலில் சூடோ அப்டேட்-க்ரப். விண்டோஸ் பூட் மேனேஜர் கிடைத்தது என்று அதில் ஒரு வரி வர வேண்டும். எண்ணுக்குப் பதில் மெனுவில் உள்ள முழுப் பெயரையே டிஃபால்ட்டாகப் போட்டால் அடுத்த முறை வரிசை மாறினாலும் பிரச்சினை இல்லை.

காவிரிக்கரை:
இவ்வளவு பேர் டூயல் பூட் வைத்திருக்கும்போது ப்ரோபரை எதற்கு அணைத்து வைத்தார்கள்?

கெர்னல்_பித்தன்:
பாதுகாப்புக்காக. அது டிஸ்கில் கிடக்கும் எல்லாப் பகுதிகளையும் ரூட் உரிமையோடு, அதாவது முழு நிர்வாக அதிகாரத்தோடு, திறந்து பார்க்கிறது. நம்பிக்கை இல்லாத டிஸ்க் செருகியிருந்தால் என்ன ஆகும்?

காவிரிக்கரை:
வீட்டு லேப்டாப்பில் யார் அண்ணா வேற்று டிஸ்க் செருகப் போகிறார்கள்? அப்கிரேட் நேரத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதுமே.

கெர்னல்_பித்தன்:
எச்சரிக்கை காட்டத்தான் செய்கிறது. ஓடும் வரிகளை யாரும் படிப்பதில்லை.

ஜன்னலோரம்:
நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவில் ஒரு வரியைக் காட்டுவது எச்சரிக்கை ஆகாது. இதைத் தனி இழையில் பேசுவோம்.

தென்றல்_21:
விண்டோஸ் வந்துவிட்டது, ப்ராஜெக்டும் காட்டிவிட்டேன். ப்ரோபர் வரி சேர்த்ததும் மெனுவும் வருகிறது. ரொம்ப நன்றி.

சால்டரிங்_கடை:
பேட்டரியையும் ஒருமுறை பார்த்து வையுங்கள்.

மழைக்கால_மவுஸ்:
எனக்கும் இதே மாதிரிதான், ஆனால் அந்த வரி சேர்த்தும் விண்டோஸ் வரவில்லை. என்ன செய்வது?

ஜன்னலோரம்:
விண்டோஸ் லெகசி (பழைய பயாஸ்) முறையிலும் உபுண்டு யூஇஎஃப்ஐ (அதற்குப் பின் வந்த புதிய) முறையிலும் நிறுவப்பட்டிருக்கிறதா? எந்தப் பதிப்பு?