டபுள் வித்தியாசத்துக்கு ஏப்ஸ் போட்டால் லூப் பாதியிலேயே நின்றுவிடுகிறது

கேள்வி:
சி மொழியில், நியூட்டன் முறையில் (ஒரு மதிப்பில் தொடங்கி, அதைப் படிப்படியாகத் திருத்திக்கொண்டே போகும் முறை) வர்க்கமூலம் காணும் நிரல் எழுதியிருக்கிறேன். கொடுத்த எண்ணையே முதல் மதிப்பாக வைக்கிறேன். பழைய மதிப்பு, புதிய மதிப்பு இரண்டுமே டபுள் (double, புள்ளி வைத்த எண்களுக்கான வகை). இரண்டின் வித்தியாசத்துக்கு ஏப்ஸ் (abs, மைனஸை நீக்கி நேர் மதிப்பைத் தருவது) போட்டு, அது 0.0001-ஐ விடப் பெரிதாக இருக்கும்வரை லூப் ஓட வேண்டும். ஆனால் 2-க்கு 1.414214 வர வேண்டிய இடத்தில் 1.500000 வருகிறது. 100-க்கு 10.032579. சூத்திரத்தைக் கையால் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது. கம்பைலரும் எதுவும் சொல்லவில்லை. வேறு எங்கே பார்ப்பது?

பதில் 1:
சூத்திரத்தில் குறை இல்லை நண்பரே, ஏப்ஸ்தான் காரணம். சி-யில் அது வாங்குவதும் இன்ட் (int, முழு எண் வகை), தருவதும் இன்ட். டபுளைக் கொடுத்தால், உள்ளே போகும்போதே புள்ளிக்குப் பின்னால் இருப்பது வெட்டுப்பட்டுவிடும்.

உங்கள் நிரலையே பாருங்கள். முதல் மதிப்பு 2, அடுத்தது 1.5. வித்தியாசம் 0.5, ஏப்ஸுக்குள் போனதும் 0. அது 0.0001-ஐ விடப் பெரிதில்லை, லூப் நின்றுவிட்டது. 100-க்கும் இதே கதைதான்: 10.840435-க்கு அடுத்து 10.032579 வரும்போது வித்தியாசம் 1-க்குக் கீழே இறங்கிவிடுகிறது.

டபுளுக்கென்றே இருக்கும் எஃப்ஏப்ஸ் (fabs) போடுங்கள், மேத் ஹெட்டரையும் (math.h) மறக்காமல் சேருங்கள். புள்ளி எண்களின் இன்னொரு வகையான ஃப்ளோட்டுக்கு எஃப்ஏப்ஸ்எஃப் (fabsf), முழு எண் வகைகளான லாங்குக்கு எல்ஏப்ஸ் (labs), லாங் லாங்குக்கு எல்எல்ஏப்ஸ் (llabs).

பதில் 2:
கம்பைலர் பேசாமல் இருந்ததற்கும் காரணம் உண்டு. டபுளை இன்ட்டாக மாற்றுவதை சி தானாகவே அனுமதிக்கிறது. ஜிசிசி (GCC) கம்பைலரின் 9-ஆம் பதிப்பு முதல் இதற்கென்றே ஒரு எச்சரிக்கை இருக்கிறது. அது 'வால்' (-Wall) கொடியில், அதாவது கம்பைல் செய்யும்போது கொடுக்கும் அந்த விருப்பத்தில், வராது, 'எக்ஸ்ட்ரா' (-Wextra) கொடியையும் போட வேண்டும். கிளாங் (Clang) என்ற இன்னொரு கம்பைலர் தானாகவே எச்சரிக்கும். தயவுசெய்து இரண்டு கொடிகளையும் எப்போதும் போட்டே கம்பைல் செய்யுங்கள், இப்படிப்பட்ட பிழையைக் கண்ணால் பிடிப்பது கஷ்டம்.

இன்னொன்று, சி++-இல் ஸ்டாண்டர்ட் ஏப்ஸ் (std::abs) டபுளையும் டபுளாகவே வாங்கும். அங்கே ஓடிய வரியை அப்படியே சி-க்குக் கொண்டுவந்தால் இதே சிக்கல்தான் வரும்.

கேட்டவர்:
எஃப்ஏப்ஸ் போட்டதும் 1.414214, 10.000000 என்று சரியாக வந்துவிட்டது. மிக்க நன்றி! அப்போ இன்ட்டுக்கு மட்டும் ஏப்ஸ் என்றால் கவலையே இல்லையா?

பதில் 1:
ஒரே ஒரு எண்ணைத் தவிர. 32 பிட் இன்ட்டில் கீழ் எல்லை -2147483648, மேல் எல்லை 2147483647. அந்தக் கீழ் எல்லைக்கு நேர் மதிப்பு இன்ட்டில் அடங்காது. என்ன விடை வரும் என்று சி உறுதி தருவதில்லை, பல கணினிகளில் அதே மைனஸ் எண்ணே திரும்பி வரும். அந்த எண் வர வாய்ப்பிருந்தால், முதலில் லாங் லாங்காக மாற்றிவிட்டு அப்புறம் எல்எல்ஏப்ஸ் போடுங்கள்.