புதுப்பிப்பு: கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்தேன்

போன வாரம் இங்கே கேட்டிருந்தேன்: முதுகலை மாணவன் பொருளாதாரத் துறையின் ஆய்வுக் கருத்தரங்கில் போய் உட்காரலாமா, அங்கே பேசப்போகும் கட்டுரையை முழுதும் படித்திருக்க வேண்டுமா என்று. முன்னுரையை மட்டும் படித்துவிட்டுத் தைரியமாகப் போ என்றீர்கள். போனேன்.

பேச்சு, வங்கியில் போட்ட பணத்தை எல்லோரும் ஒரே நேரத்தில் எடுக்க ஓடுவது பற்றி. 1983-இல் டைமண்ட், டிப்விக் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் உருவாக்கிய கோட்பாட்டு மாதிரியிலிருந்து (model) தொடங்கினார்கள். (இருவருக்கும் 2022-இல் பெர்னான்கி என்ற இன்னொரு பொருளாதார அறிஞரோடு சேர்த்துப் பொருளாதார நோபல் கிடைத்தது.) நல்ல வங்கியே ஆனாலும், மற்றவர்கள் முந்திக்கொள்வார்கள் என்ற பயம் ஒன்றே அதைக் கவிழ்க்கப் போதும், வைப்புக் காப்பீடு (வங்கி கவிழ்ந்தாலும் போட்ட பணம் திரும்பக் கிடைக்கும் என்ற உத்தரவாதம்) அந்தப் பயத்தை முளையிலேயே கிள்ளிவிடும். இதுவரை புரிந்தது.

அப்புறம் இரண்டாவது ஸ்லைடிலேயே ஒரு பேராசிரியர் கையைக்கூடத் தூக்காமல் குறுக்கிட்டார்: "இது காரணமா, வெறும் தொடர்பா?" அதாவது, ஒன்றுதான் மற்றதை உண்டாக்குகிறதா, இல்லை இரண்டும் சும்மா சேர்ந்து வருகின்றனவா என்று. அதிலேயே இருபது நிமிடம் போனது. எனக்கு அது சண்டையாகத்தான் தெரிந்தது. பக்கத்திலிருந்த ஆய்வு மாணவர் சாவகாசமாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். "இன்றைக்கு ரொம்ப அமைதி" என்றார். பேச்சாளர் கடைசிப் பத்து ஸ்லைடுகளைத் தொடவே இல்லை.

அடுத்து இரண்டு வருகின்றன. ஒன்று குறைந்தபட்சக் கூலி பற்றி. அதற்காக, அமெரிக்காவின் நியூ ஜெர்சி, பென்சில்வேனியா மாநிலங்களின் துரித உணவகங்களை ஒப்பிட்டு கார்ட், க்ரூகர் என்ற பொருளாதார அறிஞர்கள் 1994-இல் எழுதிய கட்டுரையை இன்றிரவு புரட்டப் போகிறேன். இன்னொன்று பங்கு விலைகள். ஆன்லைன் இணைப்பு தந்திருக்கிறார்கள், ஆனாலும் நேரில்தான் போவேன். சரி, கதவோரத்து நாற்காலியில்தான்.