திருநாள்களை வைத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துப் பயிற்சி: வீட்டில் படிப்பிக்கிறவர்கள் என்ன செய்கிறீர்கள்?

கோண்டாவில் அம்மா

வணக்கம். மகனுக்கு 8 வயது, மகளுக்கு 6. இவரின் வேலையால் அடிக்கடி இடம் மாற வேண்டியிருப்பதால் இரண்டு வருடமாக இருவருக்கும் வீட்டில்தான் படிப்பு. கணக்கு ஒருவாறு ஓடுகிறது. தமிழ் எழுத்துத்தான் பெரிய இழுபறி.

சும்மா எழுதச் சொன்னால் எழுத மாட்டார்கள், திருநாளை வைத்தாவது எழுத வைப்போம் என்று இணையத்தில் தேடினேன். வருகிற தாள் எல்லாம் பனிமனிதனும் பூசணிக்காயும் வான்கோழியும். ஒன்றைத் தமிழாக்கிக் கொடுத்தும் பார்த்தேன். "பனிமனிதன் எந்த ஊர்?" என்று மகள் கேட்டாள். இங்கே யாழ்ப்பாணத்தில் அடிக்கிற வெயிலில் நாய்கூட நிழலை விட்டு எழும்பவில்லை.

போன வாரம் ஆடிப்பிறப்புக்கு, எல்லோருக்கும் தெரிந்த "ஆடிப்பிறப்புக்கு நாளை விடுதலை" பாட்டைப் பார்த்தெழுதச் சொன்னேன். மகனுக்கு அது முழுக்கப் பாடம், அதனால் புத்தகத்தைத் திரும்பியும் பார்க்காமல் பாடிப் பாடியே எழுதிவிட்டான், ர, ற, ல, ள எல்லாம் இடம் மாறிக் கிடந்தன. நான் சிவப்புப் பேனையால் வட்டம் போட, கொப்பியை மூடிவிட்டுக் கூழ் குடிக்கப் போய்விட்டான். மகள் அதற்கு நேர்மாறு. ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் படம் கீறுவது போலக் கீறுகிறாள், என்ன எழுதினாய் என்று கேட்டால் தெரியாது.

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் கொடியேற்றம் வருகிறது, பிறகு சரஸ்வதி பூசை, விளக்கீடு, நத்தார், பொங்கல் என்று வரிசையாக இருக்கிறது. எத்தனை வரி கொடுக்கலாம், எதைக் கொடுக்கலாம்? சொந்தமாக எழுத வைப்பது எப்படி?

ஓய்வுபெற்ற ரீச்சர்

பிள்ளை, மகன் பிழையாக எழுதவில்லை. பாட்டைக் காதால் கேட்டுப் படித்தவன் காதால்தான் எழுதுவான், நாங்கள் கதைக்கும்போது ர-வும் ற-வும் பல இடத்தில் ஒரே மாதிரித்தானே கேட்கின்றன. பாடமான பாட்டைப் பார்த்தெழுதக் கொடுக்காதீர்கள், சொல்வதெழுதலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பார்த்தெழுத அவனுக்குத் தெரியாத வரிதான் வேண்டும், அப்போதுதான் கண் தாளுக்குப் போகும்.

மகளுக்கு ஒரு வரி போதும், நாலு சொல். முதலில் நீங்கள் வாசியுங்கள், பிறகு அவள் விரல் வைத்து வாசிக்கட்டும். பிறகு ஒரு சொல்லைப் பார்த்துவிட்டுக் கையால் மறைத்து முழுச் சொல்லாக எழுத வேண்டும், மறந்தால் கையை எடுத்துப் பார்க்கலாம், ஆனால் எழுதும்போது பார்க்கக்கூடாது. படம் கீறுகிற பழக்கம் இதில்தான் போகும். டபிள் றூள் (இரட்டைக் கோடு போட்ட) கொப்பி வாங்கிக் கொடுங்கள். மகனுக்கு மூன்று வரி. பத்து நிமிடத்துக்கு மேல் போனால் கை நோகும், எழுத்துக் கோணும், பிறகு உங்களுக்குக் கோபம் வரும்.

நல்லூர் 25 நாள் திருவிழா அல்லவா. ஒரு சின்னக் கொப்பியில் நாளுக்கு ஒரு வரி என்று வையுங்கள். கொடியேற்றம், பத்தாம் நாள் மஞ்சம், 23ஆம் நாள் சப்பறம், 24 தேர், 25 தீர்த்தம். இந்தச் சொற்களையே பாருங்கள், ற்ற, ஞ்ச, ற, ர்த்த, பிள்ளைகள் சறுக்குகிற இடம் எல்லாம் இதற்குள்ளேயே இருக்கிறது, தனியாக எழுத்துப்பிழைப் பாடம் வேண்டாம். இடையில் வருகிற நாட்களுக்குத் தண்ணீர்ப்பந்தல், தூக்குக்காவடி, கண்டாமணி, கச்சான் கடை. கோயிலுக்குப் போய் வந்த பின்னேரம் அவர்கள் சொன்னதில் ஒரு வசனத்தை எடுத்து நீங்கள் வடிவாக எழுதி வையுங்கள், அடுத்த நாள் காலை அதுதான் பார்த்தெழுதல். தன் வாயிலிருந்து வந்த வசனம் என்றால் கவனம் தானாக வரும்.

ஒரு சின்ன விதியும் சொல்லிக் கொடுங்கள்: ண, ந, ன-வில் ஒன்று மெய்யாக வந்தால் ட-வுக்கு முன் ண், ற-வுக்கு முன் ன், த-வுக்கு முன் ந். கண்டாமணி, கன்று, பந்தல். எட்டு வயதுக்கு இது விளங்கும். மகளுக்கு இப்போது வேண்டாம்.

சிவப்புப் பேனையை ஒளித்து வையுங்கள். மேலே உங்கள் வரி, கீழே அவன் வரி, வித்தியாசம் எத்தனை என்று அவனே கண்டுபிடிக்கட்டும்.

வடமராட்சிக்காரன்

ரீச்சர் சொன்னதற்கு மேலே சொல்லப் பயமாக இருக்கிறது, இருந்தாலும் ஒன்று. பொங்கல் வந்தால் எல்லாப் பிள்ளைகளும் எழுதுகிற அந்தக் கட்டுரையை மட்டும் எழுத வைக்காதீர்கள் அக்கா, "பொங்கல் தமிழர் திருநாள், அன்று அதிகாலை எழுந்து நீராடிப் புத்தாடை அணிவோம்" என்று தொடங்குமே, அது. என் மகன் அதை மூன்று வருடம் ஒரு சொல் மாறாமல் எழுதினான், அவன் அன்றைக்கு ஏழரை மணி வரை நித்திரை.

எங்கள் பக்கம் பொங்கலென்றால் பட்டம்தான், வல்வெட்டித்துறைக் கடற்கரையில் அன்று பட்டப் போட்டி நடக்கும், தெரியும்தானே. போன தைக்கு நான் அவனிடம் பொங்கலைப் பற்றி எழுது என்று கேட்கவில்லை. "காற்றில் கூவுகிற விண்ணைப் பட்டத்தில் எப்படிக் கட்டுவது என்று கனடாவில் இருக்கிற மச்சானுக்கு எழுதிக் கொடு, அவனுக்கு ஒன்றும் தெரியாது" என்றேன். இரண்டு பக்கம் வந்தது. நூலைப் பட்டத்தோடு பிணைக்கிற முச்சை எங்கே கட்ட வேண்டும், வால் நீண்டால் என்ன நடக்கும், நூல் எப்போது அறும் எல்லாம் இருந்தது. எழுத்துப்பிழையும் இருந்ததுதான், ஆனால் அதைத் திரும்ப நல்ல தாளில் எழுதி அனுப்ப வேண்டும் என்று அவனாகவே கேட்டான். வாசிக்க ஓர் ஆள் இருந்தால் எழுதுவார்கள், இல்லாவிட்டால் கொப்பிக்கு எதற்கு எழுதுவது?

பாஷையூர்க் காற்று

நத்தாருக்கு நாங்கள் செய்வது: டிசம்பர் தொடங்க லூக்கா நற்செய்தி 2ஆம் அதிகாரத்தில் பிறப்புக் கதையை மூத்தவள் நாளுக்கு ஒரு வசனமாகப் பார்த்தெழுதுவாள். இருபது வசனம், இருபதாம் தேதி இடையர்கள் திரும்பிப் போவதோடு முடியும். வசனங்கள் நீளம், ஆறு வயதுக்குச் சரிவராது. சின்னவனுக்குப் பாலன் குடிலில் வைக்கிற உருவங்களுக்குப் பெயர் அட்டை எழுதுவதுதான் வேலை. மரியாள், யோசேப்பு, இடையன், ஒட்டகம், ஆட்டுக்குட்டி. போன வருடம் ஒட்டகத்தில் ஒரு ட்-ஐ விட்டு "ஒடகம்" என்று எழுதினான். நான் திருத்தவில்லை. வீட்டுக்கு வந்த அத்தை சிரித்ததும் ஓடிப்போய்ப் புது அட்டை வெட்டினான்.

உங்களுக்குப் பனிமனிதன் இல்லாத வாழ்த்து மடலும் செய்யலாம். அம்மம்மாவுக்கு ஒன்று, பக்கத்து வீட்டுக்கு ஒன்று. இரண்டு வரிதான், ஆனால் பெயர், முகவரி, "அன்புடன்" எல்லாம் பழகும்.

தோட்டத்து அண்ணா

எல்லாம் சரி, திருநாளன்றே எழுத வைக்காதீர்கள், பாவங்கள். சரஸ்வதி பூசைக்குக் கும்பத்தடியில் கொப்பி புத்தகத்தை வைத்துவிட்டால் எடுக்கக்கூடாது என்பது எங்கள் சின்ன வயதில் கிடைத்த பெரிய சந்தோஷம், அதைப் பறிக்க வேண்டாம். அடுத்த நாள் விஜயதசமிக்குத் தட்டில் அரிசியைப் பரப்பி, ஏடு தொடக்குகிற மாதிரி மகளை விரலால் எழுதச் சொல்லுங்கள். அரிசியில் பிழை விட்டால் தடவிவிடலாம், அழிறப்பர் தேவையில்லை.

கோண்டாவில் அம்மா

எல்லோருக்கும் நன்றி. ரீச்சர், இன்னொரு சந்தேகம். நீங்கள் சொன்னபடி இன்றைக்கே பிள்ளைகள் சொன்னதை எழுதத் தொடங்கினேன். மகள் ஆடிக்கூழைப் பற்றிச் சொன்னது: "அம்மம்மா கூழ் காய்ச்சினவா, நான் பனங்கட்டியைக் களவாய்ச் சாப்பிட்டனான்." இதை அப்படியே எழுதிக் கொடுக்கவா, "காய்ச்சினார்", "சாப்பிட்டேன்" என்று மாற்றவா? மாற்றினால் அது அவள் சொன்னது மாதிரியே இல்லை.

ஓய்வுபெற்ற ரீச்சர்

நல்ல கேள்வி. நான் படிப்பித்த காலத்தில் யோசிக்காமல் மாற்றியிருப்பேன், இப்போது அப்படிச் செய்ய மாட்டேன். கதைக்கிற தமிழ் பிழையான தமிழ் என்று பிள்ளை நினைத்துவிட்டால் பிறகு வாயைத் திறக்காது. ஆனால் பார்த்தெழுதும் வரி எழுத்துத் தமிழில் இருக்க வேண்டும், கண்ணில் பதிவது அதுதானே. அதனால் கதை எழுத்து நடையில், ஆள் பேசுகிற இடம் மட்டும் மேற்கோள் குறிக்குள் அவர்கள் பேசுகிற மாதிரி. "அம்மம்மா கூழ் காய்ச்சினார். பனங்கட்டி எங்கே என்று கேட்டார்." அடுத்த வரியில் மகளின் பதிலை அவள் சொன்னபடியே குறிக்குள் போடுங்கள். மேற்கோள் குறி எதற்கு என்று இதைவிட வடிவாக விளங்கப்படுத்த முடியாது.

வடமராட்சித் தம்பி, பயப்பட வேண்டாம். அந்தக் கட்டுரையைப் பல வருடம் எழுத வைத்தவர்களில் நானும் ஒருத்தி.

கோண்டாவில் அம்மா

சரி ரீச்சர், அப்படியே செய்து பார்த்தேன். மகள் எழுதிய பதில் வரி: "நான் எடுக்கேல்லை, அண்ணா தான்." இப்போது மகன் எதிர்ப்பக்கத்தில் தன் மறுப்பை எழுதிக்கொண்டிருக்கிறான், ஐந்தாவது வரி போகிறது, பனங்கட்டிக்கு ங் வருமா ன் வருமா என்று கேட்கிறான். டபிள் றூள் கொப்பி இங்கே திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் எந்தக் கடையில் நல்லதாகக் கிடைக்கும்?