யூரையா ஹீப் முதல் இசைத்தட்டு: ஆர்கனின் பங்கு உண்மையில் எவ்வளவு?

வினா: அலைவரிசை

யூரையா ஹீப் குழு 1970ஆம் ஆண்டு வெளியிட்ட ‘வெரி ஈவி, வெரி அம்பிள்’ என்னும் முதல் இசைத்தட்டை, ஆர்கன் இசையை முன்னிறுத்திய பிரிட்டிஷ் ஹார்ட் ராக்கின் சிறந்த எடுத்துக்காட்டாகப் பலரும் குறிப்பிடுகிறார்கள். முதல் பாடலான ‘ஜிப்ஸி’யைக் கேட்கும்போது எனக்கும் அப்படியே தோன்றுகிறது. ஆனால் ‘கம் அவே மெலிண்டா’ மெலோட்ரானின் (நாடாவில் பதிந்த ஒலிகளை எழுப்பும் விசைப்பலகைக் கருவி) மென்மையான ஒலியில் நகர்கிறது. இறுதிப் பாடலான ‘வேக் அப்’ ஜாஸ் பக்கம் சாய்கிறது. ‘ரியல் டர்ன்ட் ஆன்’ முழுக்கக் கிட்டாரின் ஆட்சியில் இருக்கிறது. ஒரே தட்டில் இத்தனை முகங்கள் ஏன்? எல்லாப் பாடல்களிலும் கென் ஹென்ஸ்லிதான் விசைப்பலகை வாசித்திருக்கிறாரா?

மறுமொழி: கருந்தட்டு

எல்லாவற்றிலும் அவர் இல்லை. கிட்டார் கலைஞர் மிக் பாக்ஸும் பாடகர் டேவிட் பைரனும் ‘ஸ்பைஸ்’ என்ற பெயரில் நடத்திவந்த குழுதான் பின்னர் யூரையா ஹீப் ஆனது. தயாரிப்பாளர் ஜெரி பிரானின் மேற்பார்வையில் லண்டன் லான்ஸ்டவுன் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை தொடங்கியபோது குழுவில் நிலையான விசைப்பலகைக் கலைஞர் எவரும் இல்லாததால், காலின் வுட் என்பவரை வெளியிலிருந்து அழைத்தார்கள். நீங்கள் குறிப்பிட்ட ‘கம் அவே மெலிண்டா’, ‘வேக் அப்’ ஆகிய இரண்டிலும் வாசித்திருப்பவர் அவரே. ‘தி காட்ஸ்’, ‘டோ ஃபேட்’ குழுக்களில் இருந்த ஹென்ஸ்லி அதன்பிறகே வந்து சேர்ந்தார். டிரம்ஸ் இருக்கையும் அப்போது நிலைபெறவில்லை. பெரும்பாலான பாடல்களுக்கு அலெக்ஸ் நேப்பியர் வாசிக்க, இரண்டு பாடல்களுக்கு நைஜல் ஓல்சன் வாசித்தார். எல்டன் ஜானுடன் பின்னர் புகழ்பெற்றவர் இந்த ஓல்சன்தான். ஆகவே ஒரு குழு உருவாகிக்கொண்டிருந்த மாதங்களின் பதிவு என்றே இந்தத் தட்டை நான் கேட்கிறேன்.

மறுமொழி: மரப்பெட்டி

ஆள்மாற்றத்தைப் பற்றி நண்பர் கருந்தட்டு சொன்னது சரி. ஆயினும் அதை மட்டும் காரணமாகக் கொண்டால், ஹென்ஸ்லி வந்ததும் ஒலியில் என்ன மாறியது என்பது விடுபட்டுப்போகிறது. மின்கிட்டாரில் மீட்டிய சுரம் மெல்ல மெல்லத் தேய்ந்துவிடும். ஹேமண்ட் என்னும் மின் ஆர்கனிலோ, விசையில் விரல் இருக்கும் வரை சுரம் வலுக்குறையாமல் நிற்கும். அதன் உள்ளே சுழலும் 91 பற்சக்கரங்கள் ஒலிக்கான மின்னலைகளை உண்டாக்குகின்றன. ஒவ்வொரு தொகுதியிலும் உள்ள ஒன்பது டிராபார்களை (ஒலிக்கலவையை மாற்றும் இழுகோல்கள்) இழுத்தும் தள்ளியும் அந்த ஒலியின் நிறத்தைக் கலைஞர் தானே கலந்துகொள்கிறார். அதை ஒலிப்பெருக்கியின் எல்லைக்கு மேல் முடுக்கினால் கிட்டாருக்கு இணையான கரகரப்பும் கிடைத்துவிடும். ‘ஜிப்ஸி’யின் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்தொடர்) மிக எளிமையானது, கிட்டார் மட்டும் அதை வாசித்திருந்தால் அக்காலத்து ஹெவி பாடல்களுள் ஒன்றாகவே நின்றிருக்கும். கிட்டார் தாக்கிவிட்டு அடங்கும் இடைவெளியை ஆர்கன் நிரப்புவதால்தான் அது சுவர்போல் எழுகிறது. பின்னர் வரும் நீண்ட ஆர்கன் தனிவாசிப்பில் ஹென்ஸ்லி விரைவைவிட அழுத்தத்தையே நம்புகிறார், எனக்கு அதுவே பிடித்திருக்கிறது. இதே 1970 ஜூனில் வெளிவந்த டீப் பர்ப்பிளின் ‘இன் ராக்’ தட்டில் ஜான் லார்டும் ஆர்கனை முரட்டுத்தனமாகக் கையாண்டார் என்றாலும், அங்கே கிட்டாரும் ஆர்கனும் பெரும்பாலும் போட்டியிடுகின்றன. இங்கே இரண்டும் சேர்ந்து பைரனின் உச்சக் குரலுக்கும் கூட்டுக்குரல்களுக்கும் தளம் அமைக்கின்றன. ‘ஐ வில் கீப் ஆன் டிரையிங்’ பாடலை இந்தக் கோணத்தில் மீண்டும் கேட்டுப் பாருங்கள்.

மறுமொழி: கருந்தட்டு

மரப்பெட்டி விளக்கிய ஒலி மாற்றத்தை ஏற்கிறேன். ஆனால் பாடலாக்கத்தில் அந்த மாற்றம் இன்னும் நிகழவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். இந்தத் தட்டில் பெரும்பாலான பாடல்கள் பாக்ஸ், பைரன் இருவர் பெயரில் இருக்கின்றன. ‘டிரீம்மேர்’ பேஸ் கலைஞர் பால் நியூட்டனுடையது. ‘கம் அவே மெலிண்டா’ ஃபிரெட் ஹெல்லர்மனும் ஃபிரான் மின்காஃபும் எழுதிய பழைய போர் எதிர்ப்புப் பாடல். ஹென்ஸ்லியின் பெயர் எதிலும் இல்லை. 1971இல் வந்த ‘சாலிஸ்பரி’யில்தான் ‘லேடி இன் பிளாக்’, ‘தி பார்க்’ போன்றவற்றை அவர் தனியாக எழுதித் தருகிறார்.

இன்னொன்று: அமெரிக்கப் பதிப்பில் உறையும் தலைப்பும் வேறு. அதில் ‘லூசி புளூஸ்’ நீக்கப்பட்டு ‘பேர்ட் ஆஃப் பிரே’ சேர்க்கப்பட்டிருக்கும். சிலந்தி வலை மூடிய பைரனின் முகம் உறையில் இருந்தால், உங்களிடம் இருப்பது பிரிட்டிஷ் பதிப்பு.

வினவியவர்: அலைவரிசை

இருவருக்கும் நன்றி. என்னிடம் இருப்பது பிரிட்டிஷ் வரிசைதான். பாடல்களை வாசித்தவர் வாரியாகப் பிரித்துக் கேட்டேன். காலின் வுட்டின் இரண்டு பாடல்களையும் தனியே வைத்தால் மற்றவற்றின் ஒலி ஒன்றோடொன்று நன்றாகவே பொருந்துகிறது. ஆனாலும் ‘கம் அவே மெலிண்டா’வை இழக்க எனக்கு மனம் வரவில்லை.